எஸ்எஸ்டியா, ரேமா, புது விண்டோஸா: மெதுவான கம்ப்யூட்டருக்கு எது முதலில்?

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்றால் வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள் மூன்று: ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) போடுவது, ரேமை (ஓடும் புரோகிராம்கள் தற்காலிகமாகத் தங்கும் மெமரியை) கூட்டுவது, விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. மூன்றும் பலன் தருபவைதான். ஆனால் ஒவ்வொன்றும் தீர்ப்பது வேறு வேறு சிக்கலை. ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கம்ப்யூட்டருக்கு ரேமை மட்டும் வாங்கிப் போட்டு ஏமாறுவதுதான் அதிகம் நடக்கிறது.

முதலில் எங்கே அடைக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, அதன் படிக்கும் வேகம் மட்டும் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பியாக இருந்தால் டிஸ்க்தான் தடை. மெமரி 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ரேம் போதவில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளும்; அதனாலேயே டிஸ்க்கும் 100 காட்டும். அதனால் டிஸ்க் எண்ணைப் பார்த்தவுடன் முடிவுக்கு வராமல் மெமரி எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் உச்சத்தில் இருந்து, உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது டிஸ்க்தான். பேஜ் ஃபைலும் அதில்தானே இருக்கிறது.

எஸ்எஸ்டி

ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு முள் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு முறைக்குப் பத்து மில்லி நொடிக்கு மேல் போகும்; ஆக நொடிக்குச் சுமார் நூறு துண்டுகளுக்கு மேல் படிக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தொட வேண்டியிருக்கிறது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பில் மாட்டுவது) அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். வேகம் கூடுவது இங்கேதான்; பெட்டியில் அச்சிட்டிருக்கும் நொடிக்கு 550 எம்பி என்பதில் அல்ல. அதனால்தான் பழைய சாட்டா 2 மதர்போர்டில் போட்டாலும் வித்தியாசம் உடனே தெரிகிறது. அதே காரணத்தால், 3,500 எம்பி என்று போட்டிருக்கும் என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான இணைப்பு) வகை, பிரவுசரும் ஆபீஸ் வேலையும் மட்டும் பார்ப்பவருக்கு சாட்டாவைவிடப் பெரிதாக எதையும் கூட்டித் தராது. பெரிய வீடியோ ஃபைல்களைக் கையாள்பவர்களுக்கே அது தேவை.

மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவை ஏற்குமா, என்விஎம்இயை ஏற்குமா என்று மேனுவலில் பாருங்கள். வடிவம் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி வாங்கினால் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) கண்டுகொள்ளாது. எம்.2 அளவு 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். எம்.2 இல்லாத லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும்.

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்வதற்கு (முழுதாக நகலெடுப்பதற்கு) முன், டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் அதன் சி5, சி6 வரிகளைப் பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது. குளோனை மறந்துவிட்டு, முக்கியமான ஃபைல்களை உடனே வேறு இடத்துக்கு எடுங்கள். குளோன் முடிந்து முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், எதிலிருந்து எழுவது என்று விண்டோஸ் குழம்பலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெகவரி கீயை முன்பே வேறிடத்தில் எழுதி வையுங்கள்.

ரேம்

எஸ்எஸ்டி ஏற்கனவே இருந்தும் திணறினால் இதுதான் வழி. 4 ஜிபியிலிருந்து 8க்குப் போவது நன்றாகத் தெரியும். 8லிருந்து 16, மெமரி எண் உண்மையிலேயே உச்சத்தில் இருந்தால் மட்டும். காலியாகக் கிடக்கும் ரேம் எதையும் வேகமாக்காது. 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் வீண்.

ரேம் வகைகளான டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் திரை வராமல் போகலாம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு ஒரே 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி நல்லது, ரேமுக்குப் போகும் இரண்டு பாதைகளும் (சேனல்) சேர்ந்து வேலை செய்யும். போட்டபின் திரை கருப்பாகவே இருந்தால் பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை என்றே அர்த்தம். மின் இணைப்பை எடுத்துவிட்டு, கழற்றி, கிளிப் சத்தம் கேட்கும்வரை மறுபடி அழுத்துங்கள்.

புது விண்டோஸ்

செலவில்லை என்பது இதன் பலம். ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் புதிதாக ஏற்றினால், புரோகிராம்கள் சேரச் சேரப் பழைய நிலைக்கே வந்துவிடும். எஸ்எஸ்டி மாற்றும்போதே சேர்த்துச் செய்வதுதான் என் தேர்வு. 8 ஜிபி பென்டிரைவும், அதில் விண்டோஸை ஏற்றித் தரும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலும் போதும். உள்ளிருந்தே ரீசெட் செய்தால், ஃபைல்களை வைத்துக்கொள்ளும்படி சொன்னாலும் நீங்கள் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும்.

அதற்கு முன்பே ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையற்றதை நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் ஓடினால் ஒன்றை நீக்குங்கள். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு) சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர்கள் வேகம் தருவதில்லை; தவறானதை அழித்து விண்டோஸையே முடக்கும் ஆபத்துதான் உண்டு. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும், அது இல்லாத பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு.

இந்த மூன்றாலும் தீராத ஒரு மந்தம் உண்டு: ஆன் செய்ததும் நன்றாக ஓடி, பத்து நிமிடத்தில் ஃபேன் இரைந்து, பிறகு தவழ்வது. அது சூடு. சிபியு 95 டிகிரியை ஒட்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் இறக்கை சுழலாதபடி பிடித்துக்கொண்டு, ஹீட்சிங்க்கின் (சிபியு சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளின்) இடுக்குகளில் உள்ள தூசியைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். அதன் பிறகும் சூடு இறங்காவிட்டால் சிபியுவுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள்.