கிளிநொச்சியில் லப்டொப் திருத்தக் கொடுக்கிறவர்கள் ஒருக்கால் இதை வாசியுங்கள்

போன மாதம் என் லப்டொப்பை ஏ9 வீதியோரக் கடை ஒன்றில் கொடுத்தேன். ஒரே ஒரு முறைப்பாடுதான், சரியான ஸ்லோ. ஒன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி வைத்துக் குடித்து முடித்தாலும் சுற்றிக்கொண்டே நிற்கும். கடையில் நின்ற தம்பி இரண்டு நிமிடம் பார்த்தார். "வைரஸ் அக்கா, கிளீன் பண்ணித் தாறன், பின்னேரம் வாங்கோ" என்றார். 6,500 ரூபா கொடுத்து எடுத்துக்கொண்டு மாங்குளம் பஸ் ஏறினேன்.

வீட்டில் வந்து திறந்தால் டெஸ்க்டொப் வெறுமை. டி டிரைவையே காணவில்லை. அவர் கிளீன் என்று சொன்னது பார்மட். ஹாட் டிஸ்க் முழுவதையும் அழித்து, களவு விண்டோஸ் ஒன்றைப் போட்டுத் தந்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது, எடுத்து வைக்கவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் எடுத்துக் கேட்டதற்கு, "நீங்கள் சொல்லேல்லையே அக்கா" என்ற பதில்தான்.

உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன். 2009 யுத்தத்தில் எங்கள் வீட்டு அல்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. மெனிக் பாம் அகதி முகாமுக்குள் போகும்போது அம்மாவின் கையில் இருந்தது பிறப்புச் சான்றிதழ்களும் காணிப் பெர்மிட்டும் வைத்த ஒரு பொலித்தீன் பை மட்டும். முன்பு கனடாவுக்கு அனுப்பியிருந்த படங்களைச் சின்ன மாமா ஒவ்வொன்றாக ஸ்கான் பண்ணி ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து தந்தார். அதை டெஸ்க்டொப்பில் ஒரு போல்டராகப் போட்டு வைத்திருந்தேன். பென் டிரைவ் பழுதாகிவிட்டது. மாமாவும் இப்போது இல்லை.

வவுனியாவில் கணினி படிக்கும் பெறாமகன் இரண்டு நாள் நின்று பார்த்தான். அவன் சொல்லித்தான் சில விஷயங்கள் எனக்கு விளங்கின. நாங்கள் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்று வைக்கிறதெல்லாம் வழக்கமாக சி டிரைவுக்குள்ளேதான் கிடக்கும். சி-யை மட்டும் பார்மட் பண்ணினாலும் அவை போய்விடும். டி-யில் போட்டால் பத்திரம் என்று நினைப்பதும் பிழை, பெரும்பாலும் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பங்குதான். வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி, இணையத்தில் இன்னொன்று, அப்படி இருந்தால்தான் காப்பு.

ஸ்லோவுக்குக் காரணமும் வைரஸ் இல்லைப்போல. என் சி டிரைவ் மாதக் கணக்காக நிறைந்துபோய்ச் சிவப்புக் கோட்டில் நின்றது. அப்படி நின்றால் முதலில் டவுன்லோட்ஸைத் திறந்து, அளவுப்படி அடுக்கி, தேவையில்லாத வீடியோக்களை அழியுங்கள். பிறகு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ண வேண்டும், அதுவரை இடம் மீளாது. டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதிக்குப் போனால் கணினியோடு சேர்ந்து எழும்பும் புரோகிராம்கள் தெரியும், வேண்டாததை நிறுத்திவிடலாம். டெஸ்க்டொப்பில் உள்ள ஐகனை அழித்தால் புரோகிராம் போகாது. செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் பண்ண வேண்டும். இவ்வளவையும் வீட்டிலேயே செய்திருக்கலாம். விண்டோஸைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும் என்றாலும், ரீசெட்டில் உங்கள் பைல்களை வைத்துக்கொள்ளும் தெரிவு ஒன்று இருக்கிறது. புரோகிராம்கள் போகும், படங்கள் நிற்கும். கடையில் அதைக் கேளுங்கள். "பார்மட் பண்ணுவீங்களா?" என்று வாய் திறந்து கேளுங்கள், பண்ண வேண்டாம் என்றால் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

அம்மாவின் காணிக் கடிதங்கள் மெயிலில் கிடந்ததால் தப்பின. ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தன. அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை, அதுவும் பார்மட்டோடு போய்விட்டது, வேறொன்றுமில்லை. அதைத் திரும்பப் போட்டதும் தமிழ் வந்தது. அந்த எழுத்துருப் பைலையும் உங்கள் காப்புப் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.

படங்களைப் பெறாமகன் போட்டோரெக் என்ற இலவசப் புரோகிராமால் தேடினான். கொஞ்சம் வந்தன. போல்டரும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் எண்கள். இரணைமடுக் குளக்கட்டில் அப்பா சைக்கிளோடு நிற்கும் படமும் கிடைத்தது. முகம் இருக்கிறது, நெஞ்சுக்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். கடையிலிருந்து வந்தபின் ஒரு கிழமை நான் அதில் புரோகிராம்கள் இறக்கினேன், பிள்ளைகள் சினிமாப் படம் பார்த்தார்கள். அந்த இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது.

அதனால் உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் உடனே லப்டொப்பை நிறுத்தி வையுங்கள். ஒன்றும் இறக்க வேண்டாம், ஒன்றும் கொப்பி பண்ண வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் பூட்டித் தேடச் சொல்லுங்கள், மீட்கிற பைல்களையும் வேறு டிஸ்க்கில்தான் போட வேண்டும். பழைய ஹாட் டிஸ்க் என்றால் இப்படி ஓரளவு கிடைக்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க் என்றால் பெரும்பாலும் கிடைக்காது.