பதினாலாவது மாடியா, பழைய மூணு மாடியா, நத்தம் ரோட்டுத் தனிவீடா?

மதுரையில் உயரமான அடுக்குமாடி விளம்பரம் எதை எடுத்தாலும் "ஊரின் மையத்தில்" என்று ஒரு வரி இருக்கும். அந்த மையம் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்பது ரொம்ப நாளாக உள்ள விதி (எத்தனை லாட்ஜுகள் அதை மதித்தன என்பது வேறு கதை, ஹைகோர்ட் வரை போன விவகாரம்). அதனால் மாசி வீதிப் பக்கம் சொகுசு டவர் வராது. இவர்கள் சொல்லும் மையம் என்பது ஆற்றுக்கு வடக்கே தல்லாகுளம், சொக்கிகுளம், கே.கே.நகர், தெற்கே காளவாசல், பைபாஸ் ரோடு, அவ்வளவுதான்.

சித்தப்பா ரிட்டயர் ஆகி ஊரோடு வந்துவிட்டார், பையன்கள் இரண்டு பேரும் பெங்களூரில். அவருக்காக அலைந்ததில் கடைசியில் மூன்று வகை வீடு மிஞ்சியது. ஊருக்குள் லிஃப்ட், ஜெனரேட்டர், ஜிம், நீச்சல் குளம் எல்லாம் வைத்த பதினாலு மாடிக் கட்டடத்தில் ஒரு மூணு பெட்ரூம். அதே ஏரியாவில் லிஃப்ட் இல்லாத பழைய மூணு மாடி அப்பார்ட்மென்ட்டில் ஒன்று. நத்தம் ரோட்டில் தள்ளிப் போனால் தனிவீடு.

மண் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் சித்தப்பா அங்கேதான் ஆரம்பித்தார். "மண்ணே இல்லாத வீடு என்னடா வீடு?" தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். ரோடு 18 மீட்டர் அகலம் இருந்தால் மனையின் பரப்பைப் போல 3.25 மடங்கு வரை கட்டலாம். அந்த உயரத்துக்குள் அடங்கும் சாதாரணக் கட்டடத்துக்கு 2 மடங்கு, பழைய காலத்தில் அதைவிடக் குறைவு, ஒன்றரை. இதை வைத்து ஒரு தோராயக் கணக்கு போடுங்கள். 1500 சதுர அடி ஃபிளாட்டுக்கு உயரக் கட்டடத்தில் உங்கள் பங்காக வரும் யுடிஎஸ் (மனையில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத மண் பங்கு) சுமார் 460 சதுர அடி, அதாவது ஒரு சென்டுக்குக் கொஞ்சம் கூட. பழைய அப்பார்ட்மென்ட்டில் 1000 சதுர அடி வரை, இரண்டு சென்டுக்கு மேல். முப்பது வருடம் கழித்துக் கட்டடத்துக்கு விலை போகாது, இந்த மண்ணுக்குத்தான் போகும். 2024-ல் நடைமுறைக்கு வந்த அப்பார்ட்மென்ட் உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்டலாம் என்பதால், நல்ல தெருவில் இருக்கும் பழைய கட்டடத்தின் மண்ணுக்கு இப்போது தனி மரியாதை. தனிவீட்டில் மண் முழுக்க உங்களுடையது, அதில் பேச ஒன்றுமில்லை.

விலையில் மூன்றும் மூன்று உலகம், அதை விடுங்கள். மேலே விழும் செலவைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டை வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டி. பணி நிறைவுச் சான்று வந்த பிறகு முதல் தவணையைக் கொடுத்து வாங்கினால் ஜிஎஸ்டியே கிடையாது. 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு மண், கட்டடம் இரண்டையும் சேர்த்து ஒரே பத்திரம்: 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7 சதவீதம். பழைய ஃபிளாட்டோ தனிவீடோ மறுவிற்பனையில் வாங்கினால் 9. ஆக, கட்டி முடித்த புது ஃபிளாட் என்றால் பத்திரச் செலவில் கொஞ்சம் லாபம், பாதியில் இருக்கும் கட்டடம் என்றால் அந்த லாபத்தை ஜிஎஸ்டி தின்றுவிடும்.

ஆனால் உயரக் கட்டடத்தின் உண்மையான விலை மாதாமாதம்தான் வருகிறது. இதில் நான் கொஞ்சம் கறார். சதுர அடிக்கு 4 ரூபாய் பராமரிப்பு என்று வைத்தாலும் 1500-க்கு மாதம் 6000, வருடம் 72,000. படிக்கட்டு, லிஃப்ட் மாதிரிப் பொது இடத்தையும் சேர்த்த சூப்பர் பில்டப் அளவுக்குத்தான் வசூல், நீங்கள் கால் வைத்து நடக்கும் கார்ப்பெட் ஏரியா அதில் கால் பங்குக்கு மேல் குறைவாக இருக்கும். குடியிருப்போர் சங்கத்தின் வசூல் ஒரு வீட்டுக்கு மாதம் 7500-ஐத் தாண்டிவிட்டால், பெரிய சங்கங்களில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். நீச்சல் குளத்தில் முதல் ஆறு மாதம் பிள்ளைகள் குதிப்பார்கள், அப்புறம் பாசியை எடுக்க ஆள் போட்டு, அந்த ஆளுக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். லிஃப்ட் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), டீசல், செக்யூரிட்டி, எஸ்டிபி (கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு) என்று எதையும் நிறுத்த முடியாது. பழைய கட்டடத்தில் வாட்ச்மேன், மோட்டார், மாடிப்படி லைட், அதோடு சரி. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் உட்பட்ட அப்பார்ட்மென்ட்டுக்குப் பொது மின்சாரக் கட்டணத்தையும் அரசாங்கம் 2023-ல் குறைத்தது.

தனிவீட்டுக்குப் பராமரிப்பே இல்லை என்பார்கள். நம்பாதீர்கள். புறநகரில் பாதாளச் சாக்கடை எட்டாத இடங்கள் இன்னும் இருக்கின்றன, செப்டிக் டேங்க் லாரிக்குப் போன் போட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், கீசர் காயில் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும், குடிக்கக் கேன் தண்ணீர். மாதக் கணக்கு எழுதாததால் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலத்தால் தல்லாகுளம் கிட்ட வந்துவிட்டது, நிஜம். ஆனால் இறங்கி உள்ளே இரண்டு கிலோமீட்டர் போக ஆட்டோ கிடைக்க வேண்டுமே? "மெட்ரோ வரப்போகுது சார்" என்ற புரோக்கர் பேச்சுக்கு விலை கூட்டிக் கொடுக்காதீர்கள், அந்தத் திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர், நரிமேடு பக்கம் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்று ஏரியா டீக்கடையில் கேளுங்கள். பதினாலாவது மாடிக்குத் தண்ணீர் வராது, சரி. ஆனால் லிஃப்ட் குழி, ஜெனரேட்டர், மின்சாரப் பேனல் தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ இருந்தால் மேலே இருப்பவரும் மாட்டிக்கொள்வார். வெயிலுக்கு மேல்மாடி வேண்டவே வேண்டாம், சித்திரையில் மொட்டை மாடி தளம் ராத்திரி பதினொன்றுக்கும் அனல் விடும். கொசுவும் குறைந்து காற்றும் வருவது நடு மாடிகளில்தான்.

அப்புறம், யாரும் விளம்பரத்தில் போடாத விஷயம். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா? இரண்டு லிஃப்டில் ஒன்றாவது நீளமாக இருக்க வேண்டும். பழைய கட்டடங்களின் படிக்கட்டில் முட்டி வலிக்காரர் ஒருவரை நாற்காலியில் வைத்து நான்கு பேர் இறக்குவதைப் பார்த்தால் புரியும், திருப்பத்தில் சுவர் இடிக்கும். நல்லது கெட்டதுக்குப் பந்தல் போட இடம் வேண்டுமே என்பதும் நம் ஊரில் சின்னக் கேள்வி இல்லை. தனிவீட்டில் வாசல் இருக்கிறது, பழைய அப்பார்ட்மென்ட்டில் கீழே தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கை ஒதுக்கித் தருவார்கள், டவரில் சங்கத்து விதியைக் கேட்டுத்தான் சாமியானா.

என் கணக்கில், முப்பத்தைந்து வயதில் லோன் போட்டு வாங்குபவர் பழைய மூணு மாடியை, அதுவும் முதல் மாடியை எடுக்கலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம், மண் பங்கு கூட, மாதச் செலவு குறைவு. தனிவீடு அங்கேயே வேலை இருப்பவருக்கும், செடி கொடி என்று நிஜமாகவே மண்ணில் கை வைப்பவருக்கும் மட்டும். சித்தப்பா மாதிரி இருவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு நான் டவரைத்தான் சொன்னேன், மண் பங்கு குறைவு என்று தெரிந்தே. ஆஸ்பத்திரி பக்கம், ராத்திரி கேட்டில் ஆள், கரண்ட் போனாலும் லிஃப்ட். அவர் திரும்பவும் மண்ணைப் பற்றி ஆரம்பித்தபோது சித்திதான் முடித்து வைத்தாள்: "அந்த மண்ணைத் தினமும் கூட்டிப் பெருக்குறது நான்தானே?"

கட்டி முடித்த கட்டடமாகப் பாருங்கள், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை அதன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடம் பில்டர்தான் பொறுப்பு என்பதையும் மறக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் சங்கத்தின் போன வருட வரவு செலவைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கட்டடம் வேண்டாம். சித்தப்பா இப்போது நாலாவது மாடி, கிழக்குப் பார்த்த வீட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். மாடி ஏற ஏற விலை கூடும் என்பதால் அதிலும் கொஞ்சம் மிச்சம், ஆனால் கார் பார்க்கிங்குக்குத் தனியாகக் கேட்கிறார்கள், அதில்தான் இன்னும் இழுக்கிறது.