ஒரே வீடு, பல படிவங்கள்: குடும்ப நல மதிப்பீட்டில் எது எதைப் பார்க்கிறது?

ஊருக்குள் வீடு வீடாகப் போகிற கம்யூனிட்டி போஸ்டிங்குக்குப் போகும் நர்சிங் மாணவிகள் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள்: "எந்த ஃபார்மட்ல ஃபேமிலியை அசெஸ் பண்ணணும், மேடம்?" பாடத்தில் நாலைந்து முறைகள் அடுத்தடுத்து வருகின்றன. படித்தால் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதுபோலத்தான் தோன்றும். ஒரே வீட்டை வைத்து ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை என்று தெரியும்.

வீட்டை நானே அமைத்துக்கொள்கிறேன். துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் இது பழகிய வீடுதான். மாமியாருக்கு 62 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, வெற்றிலையோடு தினமும் புகையிலை. மருமகளுக்கு 26, ஆறு மாதக் கர்ப்பம், ஹீமோகுளோபின் 8.4, அதாவது ரத்தசோகை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். நாலு வயதுப் பையன் அங்கன்வாடிக்குப் போகிறான்.

முதலில் சி-பேக் (CBAC) படிவம், ஆபத்தை மதிப்பெண்ணாகக் கணிக்கிற கேள்விப் பட்டியல். தொற்றா நோய்களைக் கண்டுபிடிக்க, 30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக நாடு முழுக்கப் பயன்படுத்துவது. மாமியாரின் வயதுக்கு 4, புகையிலைக்கு 2, இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ. என்பதால் 2, குடும்பத்தில் சர்க்கரை இருந்ததால் 2. மது இல்லை, உடலுழைப்பு உண்டு. ஆக 10. நான்கைத் தாண்டினாலே பரிசோதனைக்கு முன்னுரிமை. ஒரு டேப்பும் ஐந்து நிமிடமும் போதும், படிவம் தன் வேலையைச் சரியாகச் செய்துவிடும். ஆனால் மருமகளுக்கு 26 வயதுதான், அவள் இதில் வரவே மாட்டாள். அவளுக்கு பிக்மி எண் (கர்ப்பிணிகளைப் பதிந்து அரசு தரும் எண்), கர்ப்பிணிகள் பதிவு, தனி வரிசை. ஒரே அடுப்படியில் நிற்கிற இரண்டு பெண்களை இரண்டு திட்டங்கள் இரண்டு பதிவேடுகளில் பார்க்கின்றன. அவர்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டிலும் கட்டமில்லை. சி-பேக் நல்ல வடிகட்டி. அதைக் குடும்ப மதிப்பீடு என்று சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

நர்சிங் கல்லூரிகளின் ஃபேமிலி ஃபோல்டர், அதாவது ஒரு குடும்பத்தைப் பற்றி மாணவி நிரப்புகிற கோப்பு, இதற்கு நேர் எதிர். அதன் பின்னால் நிற்பது பெரும்பாலும் மர்லின் ஃபிரீட்மேனின் மாதிரி: குடும்ப அடையாளம், வளர்ச்சிக் கட்டம், சுற்றுச்சூழல், அமைப்பு, செயல்பாடு, நெருக்கடியைச் சமாளிக்கும் விதம் என ஆறு பகுதிகள். எதையும் விடாது. யார் முடிவெடுக்கிறார், யாருக்கு என்ன பொறுப்பு, எதை மதிக்கிறார்கள் என்பதுவரை கேட்கும். சிக்கல் என்னவென்றால், மாணவி முதல் பக்கத்தில் தொடங்கி வீடு ஓடா கான்கிரீட்டா, ஜன்னல் எத்தனை, சாக்கடை திறந்ததா மூடியதா, வருமானத்துக்குப் பிரசாத் அளவுகோலில் எந்த வகுப்பு என்று எழுதி முடிக்கும்போது மாமியார் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விடுவார். அதிகாரமும் பொறுப்பும் பற்றிய பக்கங்கள் ஹாஸ்டலில் ஊகத்தால் நிரம்பும். போன பேட்ச் ஃபோல்டரைப் பார்த்து எழுதுவதும் நடக்கிறது. வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு இதைவிட முழுமையானது வேறில்லை. அதிலும் பின்பக்கங்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஜன்னலை எப்போது வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம்.

குடும்பம் ஒருவருக்கு எவ்வளவு துணையாக இருக்கிறது என்று அவரையே கேட்கிற ஃபேமிலி அப்கார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1978-ல் கேப்ரியல் ஸ்மில்க்ஸ்டீன் தந்தது. ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. ஏழோ அதற்கு மேலோ வந்தால் குடும்பம் நன்றாக இயங்குகிறது என்று பொருள். "கஷ்டம்னா வீட்டுல உனக்கு உதவுறாங்களாம்மா?" என்று மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் நல்லா பாத்துக்குவாங்க சிஸ்டர்." பத்துக்குப் பத்து. தனித்தனியாகக் கேட்க முடிந்தால் மட்டும் இதை எடுங்கள். அப்போதும் கூட்டுத்தொகையை விட, இருவர் சொல்கிற மதிப்பெண்களுக்கு இடையிலான இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

என் கை முதலில் போவது கால்கரி மாதிரிக்கு. லோரெய்ன் ரைட், மொரீன் லேஹி இருவரும் 1984-ல் கனடாவிலிருந்து தந்தது. அமைப்பு, வளர்ச்சி, செயல்பாடு என்று மூன்று பிரிவு. முழு மாதிரியும் கிளை கிளையாகப் பெரியது, அதை வாசற்படியில் யாரும் முடிக்க முடியாது. ஆனால் பதினைந்து நிமிடத்தில் ஒரு குடும்பத்தோடு எப்படிப் பேசலாம் என்றும் அவர்களே பின்னால் சுருக்கிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். முதலில் ஜீனோகிராம், அதாவது குடும்ப வரைபடம்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் பெருக்கல் குறி, மூன்று தலைமுறை. திண்ணையில் உட்கார்ந்து எல்லோர் கண்முன்னும் வரைய வேண்டும். மாமியாரின் அம்மாவுக்குப் பெருக்கல் குறி போட்டதும், "அவங்களுக்குக் கால் எடுத்தாங்க, அப்புறம் ரொம்ப நாள் இல்ல" என்று தானாக வரும். சர்க்கரை என்றாலே இந்த அம்மா ஏன் பேச்சை மாற்றுகிறார் என்பது அப்போது புரியும்.

அடுத்தது ஈகோமேப். இது சமூகப் பணியாளர் ஆன் ஹார்ட்மேன் 1970-களில் கொண்டுவந்தது. வீட்டைச் சுற்றி வெளியுலகத்தை வட்டங்களாகப் போட்டு, உறவு பலமாக இருந்தால் தடித்த கோடு, லேசாக இருந்தால் புள்ளிக்கோடு, உரசல் இருந்தால் வெட்டுக்கோடு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, தடித்த கோடு. அங்கன்வாடிக்கும் தடித்த கோடு. குழுக் கடனுக்கு வெட்டுக்கோடு: வாரத் தவணை கட்டுகிற நாளுக்கு முந்தின இரண்டு நாள் வீட்டில் காய் வாங்குவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மருமகளிடம் சொன்னது பக்கத்துவீட்டு அக்கா. அந்த வீட்டுக்கும் தடித்த கோடுதான். 8.4 ஏன் 8.4-ஆகவே நிற்கிறது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காத பதில் ஒரே தாளில் வந்துவிடுகிறது.

ஒரு குறை உண்டு: கால்கரி எதை முதலில் கையிலெடுப்பது என்று மதிப்பெண் போட்டுத் தராது. அதற்கு பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் பைலோன், மக்லாயா வகுத்த முன்னுரிமை அளவுகோல் கைகொடுக்கும். நான்கு கேள்விகள்: பிரச்சினையின் தன்மை, மாற்ற முடியுமா, மேலும் கெடாமல் தடுக்க முடியுமா, குடும்பமே இதைப் பிரச்சினையாக நினைக்கிறதா. மாற்ற முடியுமா என்பதற்கு மட்டும் இரட்டை எடை, மொத்தம் 5. மருமகளின் ரத்தசோகையை நான் இப்படிப் போடுவேன்: 1, 2, 1, குடும்பம் கவலைப்படவே இல்லை என்பதால் 0. ஆக 4. மாமியாரின் சர்க்கரை: 1, 1, 0.67, 1. ஆக 3.67. வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனாலும் வீட்டார் வாயே திறக்காத பிரச்சினை மேலே வந்துவிட்டது. இந்த நாலாவது கேள்வியை மாணவிகள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் போட்டுக் கடந்துவிடுகிறார்கள். வீட்டாரிடம் கேட்காமல் அதைப் போடவே முடியாது.

ஆகவே, ஊர் முழுக்கச் சல்லடை போட சி-பேக்; மாணவி பொறுப்பெடுத்துத் தொடர்ந்து பார்க்கிற குடும்பத்துக்கு ஃபோல்டர்; வேலை நாளில், ஒரு வீட்டுக்குக் கால்மணி நேரம் என்றால் ஜீனோகிராம், ஈகோமேப், கடைசியில் முன்னுரிமைக் கணக்கு. இந்த வீட்டில் நானாக இருந்தால் பேச்சை மாமியாரின் சர்க்கரையிலிருந்துதான் தொடங்குவேன், அவர் காதுகொடுப்பது அதற்குத்தான். அந்தப் பேச்சு முடிவதற்குள் மருமகளின் மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி, எத்தனை காலியாகியிருக்கிறது என்று அவர் கண்முன்னே எண்ணுவேன். அடுத்த வருகையை மகன் ஊருக்கு வருகிற நாளுக்கு வைப்பேன். தவணை வாரத்தில் காய்க்கும் முட்டைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.