புதைவண்டும் தங்கச் சிங்கக் குரங்கும்
அழிவை எதிர்நோக்கும் இந்த இரண்டில் எதற்கு என் நன்கொடை? பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் வாழும் தங்கச் சிங்க டாமரின் குரங்கு, 1970களில் சில நூறுதான் மிச்சம். அந்தப் பொன்னிறப் பிடரி உலகத்தையே இரங்க வைத்தது. 1984 முதல் விலங்குக்காட்சி சாலைகளில் பிறந்தவற்றைக் காட்டில் விட்டார்கள். இப்போது சில ஆயிரம் இருக்கின்றன.

சரி, அமெரிக்கப் புதைவண்டு? ஒரு காலத்தில் 35 மாநிலங்களில் இருந்தது. 1989இல் அழியும் உயிரினங்களின் பட்டியலில் ஏறியது, ஆனால் அதன் படத்தை யார் சுவரில் மாட்டினார்கள்? இத்தனைக்கும் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து செத்த பறவையை மண்ணில் புதைத்து, புழுவாக இருக்கும் தன் குஞ்சுகளுக்கு வாயோடு வாய் ஊட்டி வளர்க்கும் பூச்சி இது. தகப்பனும் பிள்ளை வளர்ப்பது பூச்சிகளில் அபூர்வம். டாமரின் அப்பாவும் குட்டிகளை முதுகில் சுமக்கும்தான்.

குரங்குக்குத் துண்டுபட்ட காடுகளை இணைத்தாக வேண்டும். வண்டுக்கோ முதலில் ஆதரவாளர்கள் வேண்டும். என் நன்கொடை வண்டுக்கே.