ஹட்டன் டவுனில் ஓர் ஆங்கில வகுப்பு: 2028 இல் அமெரிக்காவில் யார் நிற்பார்கள் என்று பேசிப் பேசியே பழகலாம்

ஹட்டன் பக்கம் ஆங்கிலம் பேசப் பழக நல்ல இடம் எது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரயில் நிலையத்துக்கு ஏறும் வழியில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை பிற்பகல் நடக்கும் வகுப்பு இது. பெயர்ப்பலகை கிடையாது. படிக்கட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். நடத்துபவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். எல்லோருக்கும் அவர் சேர். மாதக் கட்டணம் 2,500 ரூபாய். தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதையும் குறைத்துக்கொள்வார், யாரும் போய்க் கேட்கத் தேவையில்லை.

நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவம் பார்க்கிறேன், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். மாதாந்த அறிக்கை ஆங்கிலத்தில், பயிற்சிப் பட்டறை ஆங்கிலத்தில். எழுத ஓரளவு வரும், வாய் திறக்க வராது. முதலில் வேறொரு இடத்தில் சேர்ந்தேன். முழுக் காசையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை யாராவது கேட்டால் அங்கே படித்த ஒருவருக்கும் பதில் வராது. அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்த வகுப்பில் நடந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

சேர் ஒரு தவணை முழுவதற்கும் ஒரே விஷயத்தை எடுக்கிறார். நான் சேர்ந்த தவணையில் எடுத்தது, 2028 நவம்பர் 7 இல் நடக்கும் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் யார் யார் வேட்பாளராகலாம் என்பது. சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு பெயர். ஐந்து நிமிடம் எழுந்து நின்று பேச வேண்டும். அந்த ஆளைப் பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லக் கூடாது. சொந்தக் கட்சிக்குள் எப்படி ஜெயிப்பார், எந்தெந்த மாநிலத்தைச் சேர்த்து 270 தேர்வாளர் வாக்கை எட்டுவார் (அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று தேர்வாளர் வாக்கு உண்டு, மொத்தம் 538, அதில் 270 எடுத்தவர் ஜனாதிபதி), குறுக்கே யார் நிற்கிறார்கள், இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். பிறகு மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வி நேரத்தில்தான் வாய் திறக்கிறது. மனப்பாடம் செய்ததை வைத்து அங்கே தப்ப முடியாது.

ஏன் சேர் அமெரிக்கா, நம்ம நாட்டுத் தேர்தல் இல்லையா என்று முதல் நாளே ஒரு தம்பி கேட்டான். நம்ம தேர்தல் என்றால் தொழிற்சங்கம், கட்சி என்று ஐந்தே நிமிடத்தில் சண்டை வந்து எல்லோரும் தமிழுக்கு மாறிவிடுவீர்கள் என்றார் சேர். அங்கே நமக்கு ஓட்டு இல்லை, அதனால் நிதானமாக யோசித்துப் பேசலாம். படிக்கவும் கேட்கவும் இலவசமாக வேண்டிய மட்டும் கிடைக்கிறது. எனக்கு இந்தக் காரணம் சரியாகவே பட்டது.

தூரத்து விஷயம் என்றும் சொல்லிவிட முடியாது. வகுப்பில் ஒரு தங்கச்சி கட்டுநாயக்கா கார்மெண்ட்ஸில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவள். 2025 ஏப்ரல் 2 அன்று இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்த அந்த வாரம் லைனில் எல்லோரும் வேலை போய்விடும் என்று பயந்ததை அவள் சொன்னாள். ஓகஸ்டில் அது 20 சதவீதமாகக் குறைந்தது. நாம் தைக்கும் உடுப்புக்கு வரி எவ்வளவு என்று முடிவு செய்கிற நாற்காலியில் அடுத்து யார் உட்காரப்போகிறார் என்று தெரிந்துகொள்ள அவள் ஆசைப்பட்டதில் ஒரு நியாயமும் குறையில்லை.

பேச்சுகளில் நன்றாக இருந்தது ஓட்டோ ஓட்டும் ஓர் அண்ணன் பேசியது. அவருக்கு விழுந்த சீட்டு ஜே.டி. வான்ஸ். உப ஜனாதிபதி, 1984 இல் பிறந்தவர். 1951 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் 22 ஆவது திருத்தத்தின்படி இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாது, டிரம்ப் ஏற்கனவே இரண்டு தடவை தெரிவாகிவிட்டார், அதனால் குடியரசுக் கட்சியில் அடுத்தது இவர்தான் என்று அண்ணன் சுலபமாக முடிக்கப் பார்த்தார். சேர் விடவில்லை. பதவியில் இருக்கும் உப ஜனாதிபதி நேரடியாகப் போட்டியிட்டு எத்தனை பேர் ஜெயித்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு வரச் சொன்னார். அடுத்த வாரம் அண்ணன் ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். 1960 இல் நிக்சன் தோற்றார், 1968 இல் ஹம்ப்ரி தோற்றார், 2000 இல் கோர் தோற்றார், 2024 இல் கமலா ஹாரிஸ் தோற்றார். 1988 இல் மூத்த புஷ் ஜெயித்தார்; அவருக்கு முன் அப்படி ஜெயித்தவரைத் தேடினால் 1836 இன் வான் பியூரன் வரை போக வேண்டும். உப ஜனாதிபதிப் பதவி வேட்பாளராவதற்கு உதவும், ஜெயிப்பதற்கு அவ்வளவு உதவாது என்று அண்ணன் தன் வாயாலேயே சொல்லி முடித்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். நாங்கள் கை தட்டினோம்.

ஜனநாயகக் கட்சிப் பக்கம் பெயர்கள் அதிகம். கலிபோர்னியா ஆளுநர் கவின் நியூசம் வங்கியில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு வந்தார். கலிபோர்னியாவுக்கு 54 வாக்கு, எல்லா மாநிலத்திலும் அதுதான் பெரியது என்று அக்கா ஆரம்பித்தார். ஆனால் அந்த 54 உம் 2024 இலேயே கமலாவுக்குக் கிடைத்தது, அப்படியும் அவர் 226 இல் நின்றுவிட்டாரே, நியூசம் புதிதாக எதைக் கொண்டுவருவார் என்று கேள்வி வந்தது. அக்கா போனில் கூட்டிப் பார்த்தார். பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, விஸ்கொன்சின் 10, மூன்றும் 44. 226 உடன் 44 ஐச் சேர்த்தால் சரியாக 270! அந்தக் கணக்கு எங்கள் எல்லோர் கொப்பியிலும் இருக்கிறது. அதன் பிறகு பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபிரோவையும் மிச்சிகன் ஆளுநர் கிரெச்சன் விட்மரையும் பற்றிப் பேசியவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. முன்னாள் போக்குவரத்துச் செயலாளர் பீட் புட்டிஜெஜ், நியூயோர்க் காங்கிரஸ் உறுப்பினர் ஒகாசியோ-கோர்டெஸ் பற்றிய பேச்சுகள் சுமார். இணையத்தில் இருந்ததை அப்படியே வாசித்தார்கள்.

என் சீட்டு மார்கோ ரூபியோ. வெளிவிவகாரச் செயலாளர், 2016 இல் ஒரு தடவை முயன்று சொந்த மாநிலமான புளோரிடாவிலேயே டிரம்பிடம் தோற்றவர், வான்ஸ் போட்டியிட்டால் அவரை ஆதரிப்பதாகச் சொல்லியிருப்பவர். இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று தேடியபோது ஒரு செய்தியில் என் கண் நின்றுவிட்டது. ரூபியோ 1971 இல் மியாமியில் பிறந்தபோது கியூபாவிலிருந்து வந்த அவருடைய பெற்றோர் இன்னும் அமெரிக்கக் குடிமக்கள் ஆகியிருக்கவில்லை. அந்த மண்ணில் பிறந்த ஒரே காரணத்தால் அவர் குடிமகன். பிறப்பிலேயே குடிமகனாக இருப்பவர்தான் அங்கே ஜனாதிபதியாகலாம், அவர் நிற்க முடிவதும் அதனால்தான். கமலா ஹாரிஸும் அப்படியே. தமிழ்நாட்டுத் துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள குடும்பத்தைச் சேர்ந்த தாய், ஜமேக்காவிலிருந்து வந்த தகப்பன், இருவரும் அங்கே படிக்கப் போனவர்கள். பிள்ளை பிறந்ததும் குடிமகள். 1868 இல் வந்த 14 ஆவது திருத்தம் கொடுத்த உரிமை அது. 1898 இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ஒரு சீனக் குடும்பத்துப் பையனுடைய வழக்கில் அதை உறுதி செய்தது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அன்றைக்கே அதைக் குறைக்கும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்திட்டார், வழக்குகள் தொடங்கின.

இதை நான் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியாது. 1947 தேர்தலில் எங்கள் மலையக மக்கள் ஓட்டுப் போட்டு ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்து பறித்தவர்களிடம், உன் தகப்பன் எங்கே பிறந்தான், அதற்குப் பத்திரம் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பத்திரம் இருந்திருக்கும்? ஓட்டும் போனது. எங்கள் தாத்தா நாடற்றவராகவே செத்துப்போனார். மிச்சமிருந்தவர்களுக்கு 2003 இல்தான் சட்டம் வந்தது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் எடுக்காத பிள்ளைகள் இன்றைக்கும் என் மடுவத்துக்கு வருகிறார்கள். தாயைக் கூட்டிக்கொண்டு பதிவாளரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அலைவது என் வேலையில் ஒரு பங்கு.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஐந்து நிமிடம் தாண்டியது. சேர் மணியைப் பார்க்கவில்லை.

ஏ.எல். படிக்கும் ஒரு தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. குடியுரிமை யாருக்கு என்று ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம், நம்ம நாட்டில் இன்றைக்கும் பிறந்த இடத்தை வைத்துக் கொடுப்பதில்லை, பெற்றோரை வைத்துத்தானே அக்கா கொடுக்கிறார்கள் என்றான். அவன் சொன்னது உண்மைதான். கொடுக்காமல் இருப்பது ஒன்று, கொடுத்திருந்ததைப் பறிப்பது இன்னொன்று என்றேன் நான். பிறகு, 2024 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமி பற்றிப் பேச்சு வந்தது. தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பம் என்பதால் வகுப்பில் பாதிப் பேருக்கு அவர் பேரில் ஆசை. 2023 விவாத மேடையில், சட்டவிரோதமாக வந்தவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த உரிமை கூடாது என்று சொன்னவர் அவர் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். பெயர் நம்ம பெயராக இருப்பது போதாது என்பது என் கருத்து. யார் சரி என்று சேர் தீர்ப்புச் சொல்லவில்லை; இருவர் பேசியதிலும் இருந்த பிழைகளை எழுதிக் கையில் கொடுத்தார். அவர் திருத்தும் விதமே அதுதான். பேசும்போது இடையில் மறிக்க மாட்டார்.

கடைசி வாரம் அவர் எடுத்தது ஊகத்தின் எல்லை. 2019 இல் 3.16 சதவீதம் எடுத்த அநுர குமார திசாநாயக்க 2024 இல் 42.31 சதவீதத்தோடு முன்னுக்கு வந்து ஜனாதிபதியானார். 2020 இல் இப்படி ஒரு பட்டியல் போட்டிருந்தால் உங்களில் யார் அவர் பெயரை எழுதியிருப்பீர்கள் என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. தேர்தலுக்கு வெகு முன்பே பேர் அடிபடுகிறவர்கள் பாதி வழியில் காணாமல் போவது அங்கேயும் நடக்கிறது. 2015 இல் குடியரசுக் கட்சிக்கு ஜெப் புஷ்தான் வேட்பாளர் என்றார்கள், வந்தது டிரம்ப். அப்படியிருந்தும் ஆளுக்கு ஒரு ஜோடியை எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் வான்ஸ், ஷபிரோ என்று எழுதினேன். அந்த 44 ஐ அடைய ஷபிரோவுக்குத்தான் வழி கிட்ட என்று இப்போதும் நினைக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. கூரை தகரம். ஜூன், ஜூலை மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, குளிரும் கடுமை. ஃபோட்டோ கொப்பித் தாள்கள் சில வாசிக்க முடியாத அளவுக்கு மங்கல். மழை மிஞ்சினால் வகுப்பு சூம் வழியாக நடக்கும், அன்றைக்குத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சிக்னல் வராமல் பாடமே போய்விடும். அந்த நாளை வேறொரு நாளில் ஈடு செய்ய வேண்டும். பெரிய குறை நேரம். பேச்சு சூடு பிடித்தால் சேருக்கு நேரம் தெரியாது, பொகவந்தலாவ பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பெண்கள் தங்கள் முறை வருவதற்கு முன்பே எழும்பிப் போனார்கள். நானும் அந்தக் கார்மெண்ட்ஸ் தங்கச்சியும் போய்ச் சொன்னோம். அடுத்த வாரத்திலிருந்து தூரத்தவர்கள் முதலில் பேசுகிறோம். சொன்னதைக் கேட்டு மாற்றும் இடம் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

எழுத்துக் கூட்டி வாசிக்க வராதவர்கள் இந்த வகுப்புக்கு நேராக வர வேண்டாம், பயந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஞாயிறு காலை வேறு வகுப்பு உண்டு. அது வழமையான இலக்கண வகுப்பு, இந்தக் கலகலப்பை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஓ.எல். ஆங்கிலம் சுமாராக இருந்தால் போதும், சனிக்கிழமைக்கே வரலாம். இரண்டு மணிக்கு ஆரம்பம். முதல் நாள் காசு கட்டாமல் உட்கார்ந்து பார்க்க விடுவார். கம்பளி ஸ்வெட்டர் ஒன்று கொண்டுபோங்கள், ஜன்னல் பக்கத்து வாங்கில் உட்காராதீர்கள்.