ஸ்கூல் பஸ்ஸா, ஆட்டோவா?

ஜூன் நெருங்கினாலே வீட்டில் இந்தப் பேச்சுதான்: பிள்ளையை எதில் அனுப்புவது?

செலவு: ஆட்டோவுக்கு மாதக் கணக்கு, பிடிக்காவிட்டால் நிறுத்தலாம். பஸ்ஸுக்குப் பெரும்பாலும் மொத்தமாகக் கட்ட வேண்டும்.

வசதி: ஆட்டோ வாசலுக்கே வரும். பஸ்ஸுக்குத் தெருமுனை வரை நடக்கணும்.

பாதுகாப்பு: இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். 2012-ல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன: மஞ்சள் நிறம், உதவியாளர், அவசர வழி. ஆட்டோவிலோ, டிரைவரை ஒட்டி உட்கார்ந்த பிள்ளையின் ஒரு கால் வெளியே தொங்குகிறது. கம்பியில் மாட்டிய பைகள் ஆடுகின்றன.

சின்னப் பிள்ளைக்கு பஸ்தான். பணம் கட்டுமுன் ஏறி, தரையையும் பார்த்துவிடுங்கள். பஸ் வராத சந்து என்றால், கூட்டம் ஏற்றாத, தெரிந்தவர் ஓட்டும் ஆட்டோ சரி.