பிரேம் போடாத ஓவியங்கள்: தலவாக்கலையில் நான்கு வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில், குளிரும் மழையுமான தலவாக்கலையில் இருக்கிற எங்கள் வீட்டு ஹாலில் மூன்று கேன்வாஸ் ஓவியங்கள் பிரேம் இல்லாமலே தொங்குகின்றன. மூன்றும் தங்கச்சி வரைந்தவை, இரண்டு அக்ரிலிக், ஒன்று எண்ணெய் வர்ணம். பிரேம் போடச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் கேன்வாஸின் பக்கவாட்டிலும் சுற்றி வரைந்திருக்கிறாள், அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

முதல் வருடம் நான் பயந்ததெல்லாம் வெயிலுக்கும் தூசிக்கும்தான். வார்னிஷ் அடித்தால் போதும் என்று நினைத்து, ஜூலை மாதம், வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பின்னேரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷை அடித்தேன். அதைவிட மடத்தனம் இருக்க முடியாது. குளிரிலும் ஈரத்திலும் அது ஒழுங்காகக் காயாது, ஈரம் உள்ளேயே அகப்பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். காலையில் பார்த்தால் படம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி. வெயில் நாட்கள் வந்தபோது பெரும்பகுதி தெளிந்தது, படத்திலுள்ள மலை முகட்டில் மட்டும் ஒரு திட்டு நின்றுவிட்டது. வருகிறவர்கள் அதைப் பனி என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள், நானும் திருத்துவதில்லை. இரண்டாவது படத்துக்குப் பெப்ரவரி வரை காத்திருந்து, நல்ல வெயில் நாளில், நடுப்பகலில், மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்தேன். இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

சரி, முன்பக்கம் பாதுகாப்பு என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டாம் வருட மழையில் அம்மா ஒட்டடை அடிக்கப் படத்தைக் கழற்றிவிட்டு, "ஏன்டா, பின்னால சாம்பல் பூத்துக் கிடக்கு?" என்றார். பூஞ்சணம்! படம் மாட்டியிருந்தது வெளிச்சுவரில், மழை நேரே அடிக்கிற பக்கம். சுவர் குளிர்ந்து வியர்க்கும், கேன்வாஸ் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இடையில் காற்றே போகாது. வார்னிஷ் முன்பக்கத்தைத்தான் காக்கும், பின்பக்கத் துணி அப்படியே ஈரத்தைக் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலே பல நாள் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், இங்கே மழைக்காலத்தில் 70க்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே வைத்து, காய்ந்த மெல்லிய பிரஷால் மெதுவாகத் தட்டி எடுத்தேன். ஈரத்துணி மட்டும் கூடவே கூடாது. அப்புறம் படத்தை உள்சுவருக்கு மாற்றி, கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்கிற மரச்சட்டத்தின் நான்கு மூலைகளிலும் பின்னால் தக்கைத் துண்டுகளை ஒட்டினேன், சுவருக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. நான் செய்த அத்தனையிலும் இந்தச் செலவில்லாத வேலைதான் உருப்படியானது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் பின்னால் செருகிப் பார்த்தேன், காசுக்குக் கேடு. மூடிய பெட்டிக்குள் வைத்தால்தான் அதற்கு வேலை, திறந்த ஹாலில் கொஞ்ச நாளிலேயே ஈரம் குடித்துச் சும்மா கிடக்கும்.

விறகு அடுப்புப் புகையும் சாமி மேடைச் சாம்பிராணியும் படியாத இடமாகவும் பார்க்க வேண்டும், ஆகவே சமையலறைக் கதவுக்கு நேரே மாட்டவில்லை. தூசிக்கு மாதம் ஒரு முறை மெல்லிய பிரஷ், அவ்வளவுதான்.

எண்ணெய் ஓவியம் போன ஓகஸ்டில்தான் முடிந்தது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறது, ஆனால் தடிப்பாகப் பூசிய எண்ணெய் வர்ணம் உள்ளே காய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். இந்தப் பெப்ரவரியில் அடித்துவிடலாமா என்று கேட்டேன், அடுத்த பெப்ரவரி வரை வார்னிஷ் டப்பாவைத் தொடவே கூடாது என்று தங்கச்சி அதை எடுத்துத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.